பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளச் பழுதானால்: வன்னியில் கார் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஸ்போர்ட்ஸ் கார்களும் அதற்கு விலக்கல்ல. இன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒருவர் முதன்முதலாக ஆசையோடு வாங்கும் மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, ஹொண்டா இன்டெக்ரா போன்ற ஒரு கார் பலருடைய காலடியில் மிதிபட்டே அவரிடம் வந்து சேர்கிறது. அப்படி வரும் காரில் முதலில் கணக்குக் கேட்கும் பாகம் பெரும்பாலும் கிளச்தான். அது பழுதாவதை முற்றாகத் தவிர்க்க இயலாது. ஆனால் பழுது எது என்று உறுதிப்படுத்தாமல் கியர் பொக்ஸை இறக்கச் சம்மதிப்பதையும், ஒருமுறை இறக்கியதை ஆறு மாதத்தில் மறுபடி இறக்க நேர்வதையும் நிச்சயமாகத் தவிர்க்கலாம். இக்கட்டுரை மனுவல் கியர் கொண்ட கார்களைப் பற்றியது.

என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்பு வட்டு பிளைவீல். அதன்மேல் இறுக்கிப் பூட்டப்பட்டிருப்பது பிரஷர் பிளேட். இவை இரண்டுக்கும் நடுவே நெருக்குண்டு நின்று என்ஜினின் விசையைக் கியர் பொக்ஸுக்குக் கடத்துவது கிளச் பிளேட். நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பெயாரிங் முன்னே நகர்ந்து பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்த, நடுவில் உள்ள பிளேட் பிடி தளர்ந்து விடுபடுகிறது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் பெடலின் விசை கேபிளால் அன்றி எண்ணெய் அழுத்தத்தால் கடத்தப்படுகிறது: பெடலருகே ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர் பொக்ஸருகே ஒரு ஸ்லேவ் சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் ஒரு குழாய். இந்த இரு பகுதிகளையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். குழாயிலும் சிலிண்டரிலும் வரும் பழுது வெளியே இருப்பது, குறைந்த செலவில் தீர்வது. பிளேட்டிலும் பெயாரிங்கிலும் வரும் பழுது உள்ளே இருப்பது, கியர் பொக்ஸை இறக்காமல் தொடமுடியாதது.

முதற்படி: பழுதுக்குப் பெயர் வையுங்கள்

“கிளச் போய்விட்டது” என்று மட்டும் சொல்லிக் காரைக் கராஜில் விடுபவர் முழுச் செட்டையும் மாற்றும் செலவுக்குத் தாமே கதவைத் திறந்துவிடுகிறார். கிளச் பழுதுகள் அடிப்படையில் நான்கு விதம். பிளேட் பிடிக்காமல் வழுக்குவது, பெடலை முழுதாக மிதித்தும் பிளேட் விடுபடாமல் இழுப்பது, சத்தம் கேட்பது, கார் புறப்படும்போது உதறுவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. அவற்றை நீங்களே செய்யலாம்.

வழுக்குகிறதா என்று பார்க்க, ஆள்நடமாட்டமற்ற நேரான வீதியில், என்ஜின் நன்றாகச் சூடான பின்னர், நான்காவது கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் சென்றுகொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். கிளச் நலமாக இருந்தால் என்ஜினின் சுழற்சியும் காரின் வேகமும் ஒன்றோடொன்று ஒட்டி மெல்ல ஏறும். சுழற்சி காட்டும் முள் திடீரென மேலே தாவி, வேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் பிளேட் வழுக்குகிறது. டர்போ உள்ள கார்களில் இது நடுச் சுழற்சியில், டர்போ அழுத்தம் ஏறும் வேளையில், முதலில் தெரியும். ஒரு தரம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு வழுக்கலும் பிளைவீலைச் சூடாக்கிப் பழுதைப் பெரிதாக்கும்.

விடுபடுகிறதா என்று பார்க்க, காரை நிறுத்தி, என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கையில், பெடலை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். பல் உரசும் சத்தம் கேட்டாலோ, கியர் விழ மறுத்தாலோ, பிளேட் முழுதாக விடுபடவில்லை. இந்தக் குறிக்குப் பெரும்பாலும் காரணம் பிளேட்டன்று, எண்ணெய்க் குழாய்த் தொகுதிதான். ஒரு விதிவிலக்கு: வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போகும் கார்களில், மாரிகால ஈரத்தில் பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதுண்டு.

சத்தத்தைப் பிரித்தறியக் காது போதும். கியரை நியூட்ரலில் வைத்து, பெடலை மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது கிறீச்சிடல் தொடங்கினால் ரிலீஸ் பெயாரிங். மாறாக, பெடலை விட்டிருக்கும்போது ஓர் உறுமல் கேட்டு, மிதித்ததும் அது மறைந்தால், கிளச் பிளேட் செருகப்பட்டிருக்கும் கியர் பொக்ஸ் உள்தண்டின் பெயாரிங். முன்னது கிளச் வேலையோடு தீரும். பின்னது கியர் பொக்ஸையே பிரிக்க வேண்டிய வேறு வேலை, வேறு செலவு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் புதிய கிளச் போட்டு, காரை எடுத்த அன்றே அதே உறுமலைக் கேட்டு மனம் நொந்தவர்கள் பலர்.

புறப்படும்போது உதறல் இருந்தால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிளைவீலில் வெப்பப் புள்ளிகள் விழுந்திருக்கலாம், அல்லது என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம். மவுண்டிங்கை முதலில் பாருங்கள். அதற்குக் கியர் பொக்ஸை இறக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வெளியே உள்ளவற்றை முதலில் தேடுங்கள்

பெடல் திடீரென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டாலோ, இரண்டு மூன்று தரம் மிதித்த பின்னரே கியர் விழுந்தாலோ, கியர் பொக்ஸைப் பற்றி எவரும் இன்னும் பேசத் தேவையில்லை. பொனெற்றைத் திறந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். சில கார்களில் கிளச்சுக்குத் தனிக் கிண்ணம் உண்டு. சிலவற்றில் பிரேக்கின் கிண்ணத்திலிருந்தே கிளச்சும் எண்ணெய் எடுக்கும். மட்டம் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே மண்டியிட்டு, கிளச் பெடலின் மேற்பகுதியில், பெடலோடு இணைந்த தள்ளுதண்டு என்ஜின் அறையைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்குள் நுழையும் இடத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரலை அந்த ரப்பர் உறையின் அடியில் வைத்துத் தடவினால், கசிவுள்ள மாஸ்டர் சிலிண்டர் விரல்நுனியில் வழுவழுப்பான ஈரத்தை விட்டுச்செல்லும். பெடலின் கறுப்புப் பெயின்ட் அந்த எண்ணெயால் கொப்புளித்து உரிந்திருக்கும். கீழே விரிப்பின் ஓரம் நனைந்து கனத்திருக்கும். இவை எதுவும் இல்லையென்றால், காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்திய பின்னர் கீழே சென்று ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே விலக்குங்கள். உள்ளிருந்து அழுக்கு எண்ணெய் வடிந்தால் காரணம் அதுவே. ஜக்கின்மேல் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள்.

பழைய எம்எக்ஸ்-5 கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது நன்கு அறியப்பட்ட குறை. அது கியர் பொக்ஸின் வெளிப்பக்கத்தில் இருப்பதால் மாற்றுவது எளிது. மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்களில் பெடலைத் தாங்கும் இரும்புப் பிடியே வெடித்து, கிளச் இழுப்பதுபோல் காட்டும். பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிசான் 370இசட் காரிலோ ஸ்லேவ் சிலிண்டர் கியர் பொக்ஸின் உள்ளே, ரிலீஸ் பெயாரிங்கோடு சேர்ந்தே இருக்கிறது. அது கசியத் தொடங்கினால் வெளியிலிருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் காரின் ஸ்லேவ் சிலிண்டர் உள்ளா வெளியா என்பதை இன்றே கேட்டறிந்து வையுங்கள்.

சிலிண்டரின் உட்சுவர் மழமழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம். சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் சில வாரங்களில் கிழியும். முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே மிச்சம். பின்னர் இருவர் சேர்ந்து குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கிண்ணத்தின் மூடியில் குறிப்பிட்டிருக்கும் தர எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள், என்ஜின் ஒயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும். கிளச்சிலும் பயன்படும் பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், ஈரலிப்பான நம் காலநிலையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

வழியில் நின்றுவிட்டால்

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பெடல் செத்துவிட்டால் முதலில் காரை வீதியோரம் ஒதுக்கி அபாய விளக்குகளைப் போடுங்கள். வீதியை விட்டு அதிகம் உள்ளே தள்ளாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு. பொழுதுபட்டால் கார் அங்கேயே கிடக்கட்டும், நீங்கள் ஆளுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

எண்ணெய்க் கசிவால் கிளச் விடுபடவில்லையென்றால், என்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் காரை இழுத்துக்கொண்டு புறப்படும். முன்னால் ஆளோ வாகனமோ இல்லாதபோது, மிகக் கிட்டிய கராஜ்வரை மட்டும் இதைச் செய்யலாம். பிளேட் வழுக்குவதாக இருந்தால் ஓட்டவே வேண்டாம். கட்டி இழுப்பதைவிடத் தட்டுலொறியில் ஏற்றுவது நல்லது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் போன்ற நான்கு சில்லும் இயங்கும் கார்களுக்கு அதுவே முறை. தாழ்ந்த பம்பர் உள்ள காருக்கு ஏற்றுபலகையின் அடியில் மரப்பலகை வைத்துச் சாய்வைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பாகம் தேடுதல்

வன்னியில் உள்ள கடைகளில் லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் டிமோ பட்டா சிறு லொறிக்கும் கிளச் பிளேட் உடனே கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படிக் கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது. பெரும்பாலும் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலோ, இறக்குமதியாளரிடமோ கேட்டு பஸ்ஸில் பொதியாக எடுப்பிக்க வேண்டும். ஆகையால் பிழையான பாகம் வந்தால் இழப்பு அதிகம். ஒரே பெயரில் ஓடும் காருக்கு ஆண்டையும் என்ஜினையும் பொறுத்து இரண்டு மூன்று அளவு கிளச் பிளேட் இருக்கும். காரின் சேசிஸ் இலக்கத்தை முழுமையாகக் கொடுத்து, அதன்படி பாக இலக்கத்தை எழுத்தில் பெற்று, பிறகு விலை பேசுங்கள். முந்தைய உரிமையாளர் வேறு என்ஜின் ஏற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜப்பானியக் கார்களுக்கு எக்ஸெடி, ஐசின் ஆகிய நிறுவனங்களின் கிளச் செட்டுகள் பரவலாகப் பயன்படுகின்றன. பெயர் பெற்றவற்றுக்கே போலிகளும் உண்டு. அச்சுப் பிசகிய பெட்டி, பொதியில் எழுதியதற்கும் பிரஷர் பிளேட்டில் பொறித்ததற்கும் ஒவ்வாத இலக்கம், முத்திரையில்லாத பெயாரிங் ஆகியவற்றைக் கண்டால் திருப்பிக் கொடுங்கள். ரீகண்டிசன் கியர் பொக்ஸோடு வந்த பழைய பிளேட்டைப் போடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எவருக்கும் தெரியாத பிளேட்டுக்காகக் கூலி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு சலனம், பந்தயத்துக்கென விற்கும் வலுவான கிளச். என்ஜினின் வலு கூட்டப்படாத காருக்கு அது தேவையேயில்லை. பெடல் கனக்கும், பிடிக்கும்போது வெட்டென்று பிடிக்கும், வற்றாப்பளைப் பொங்கல் நாளில் சன நெரிசலுக்குள் ஊர்ந்து செல்லும்போது கால் துவண்டுவிடும். நிறுவனம் முதலில் போட்ட அதே வகைப் பிளேட்டே நம் வீதிகளுக்குப் போதும்.

நான்காம் படி: செலவைக் கணக்கிடுதல்

கிளச் வேலையின் பற்றுச்சீட்டில் நான்கு பகுதிகள் இருக்கும்: இறக்கி ஏற்றும் கூலி; பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் ஆகிய மூன்றும் அடங்கிய செட்; பிளைவீல் வேலை; சில்லறைப் பாகங்களும் எண்ணெயும். இதில் கூலிதான் இரக்கமற்றது. ஒரு சின்னப் பெயாரிங்கை மாற்றினாலும், எல்லாவற்றையும் மாற்றினாலும் அது ஒன்றே. ஓர் எடுத்துக்காட்டு: கூலி 30,000 ரூபா, ரிலீஸ் பெயாரிங் 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலைகள் அல்ல, கணக்குக்காக எடுத்தவை. பெயாரிங் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று பழையதையே விட்டால் இன்று 10,000 மிச்சம். அது அடுத்த ஆண்டு அரையத் தொடங்கினால் 40,000 கொடுக்க வேண்டும். தட்டுலொறிக் கூலி வேறு. ஆகவே செட்டாக மாற்றுங்கள். அத்தோடு பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பெயாரிங் (எல்லாக் கார்களிலும் அது இல்லை), என்ஜினின் பின்பக்க ஒயில் சீல், கியர் பொக்ஸ் உள்தண்டுச் சீல் ஆகியவற்றையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். சீல் சிறியது, ஆனால் அது கசிந்தால் புதுப் பிளேட் எண்ணெயில் தோய்ந்து பாழாகிவிடும்.

பிளைவீல் தனியே சிந்திக்க வேண்டியது. ஒற்றை இரும்பாலானதாக இருந்தால், லேத் வேலைத்தலத்தில் மெல்லியதாகச் சீவி முகத்தைச் சமப்படுத்தலாம். குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகக்கூடாது. நிசான் 350இசட் போன்ற கார்களில் உள்ளே ஸ்பிரிங்குகள் கொண்ட இரட்டைப் பிளைவீல் இருக்கிறது. அதைச் சாதாரணப் பிளைவீல்போல் லேத்தில் போடுவது முறையன்று. இரு பகுதிகளுக்கும் இடையே அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தால் மாற்றியே ஆகவேண்டும், அதன் விலை கிளச் செட்டையே மிஞ்சும். விலைமதிப்பீடு கேட்கும்போது “பிளைவீல் எந்த வகை? மாற்ற நேர்ந்தால் எவ்வளவு?” என்ற கேள்வியைச் சேர்க்காதவர்கள் வேலை பாதியில் நிற்கும்போது கடன் தேட வேண்டிவரும்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பாகத்துக்கான பணத்தைக் கடைக்கு நீங்களே கொடுத்துப் பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் எடுங்கள். கூலியின் பெரும்பகுதியை ஓட்டிப் பார்த்த பின்னர் கொடுப்பதென்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். மதிப்பீட்டில் இல்லாத புதிய வேலை எதுவும் உங்களைக் கேட்ட பின்னரே தொடங்கப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: வேலை நடக்கும் நாள்

இயன்றால் அன்று கராஜில் இருங்கள். கியர் பொக்ஸ் இறங்கியதும் பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓரமெங்கும் வரிசையாக உள்ள செப்பு நிற ரிவெற்றுகளின் தலை, உராய்வுப் பரப்பின் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதே தேய்வின் அளவு. 0.3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும் என்பது ஜப்பானியக் கார்களின் பட்டறைக் கைநூல்களில் வழக்கமாகக் காணும் வரம்பு. ரிவெற் தலைகள் பளபளவென்று தேய்ந்து, பிளைவீலில் வட்டக் கோடு கீறியிருந்தால் அந்த வரம்பை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பிளைவீலின் முகத்தில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுகள் தெரிந்தால் அவை சூடேறிய இடங்கள். பரப்பு கறுத்து நனைந்திருந்தால், மோந்து பாருங்கள். கியர் எண்ணெயின் கந்தக நெடியா, என்ஜின் ஒயிலா என்பது எந்தச் சீல் கசிகிறது என்பதைச் சொல்லும்.

உள்ளே படிந்த தூசியைக் காற்றுக்குழாயால் ஊதவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

புதுப் பிளேட்டைப் பூட்டுமுன் கியர் பொக்ஸ் தண்டில் செருகி, தடையின்றி வழுக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிழையான பாகம் வந்திருந்தால் இங்கேயே பிடிபடும். தண்டின் பற்களில் கிறீஸை மெல்லியதாகப் பூசினால் போதும், கூடினால் சுழலும்போது பிளேட்டில் தெறிக்கும். உராய்வுப் பரப்பில் எண்ணெய்க் கை படக்கூடாது. பிளேட்டில் பிளைவீல் பக்கம் எது என்று பொறித்திருக்கும். மையக்கோல் கொண்டு நடுப்படுத்திய பின், பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கியர் பொக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். அந்த வளைவு புதுக் கிளச்சும் இழுப்பதற்கு ஒரு காரணம்.

காரை எடுக்குமுன் முதற்படியில் சொன்ன அதே சோதனைகளில் வழுக்கல் சோதனையைத் தவிர மற்றவற்றைச் செய்யுங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். முதல் 500 முதல் 800 கிலோமீற்றர்வரை அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காமல், திடீர்ப் புறப்பாடுகள் இல்லாமல் ஓட்டினால் புதுப் பரப்பு பிளைவீலோடு சீராகப் பொருந்தும்.

பின்னர் ஓட்டும் முறை பற்றி இரண்டு விடயங்கள் போதும். கடற்கரையோர மணலில் சில்லு புதைந்தால் பாதிக் கிளச்சில் உறுமிக்கொண்டு முயலாதீர்கள். சில நிமிடங்களில் ஒரு புதுப் பிளேட்டை எரித்துவிடலாம். இறங்கி மணலை வாரி, ரயருக்கு அடியில் தென்னோலையோ பலகையோ போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள். மற்றது, ஓடும்போது கால் பெடலின்மேல் ஓய்ந்திருக்கக் கூடாது.

இன்னும் கார் வாங்காதவர்கள் மேற்சொன்ன சோதனைகளை விலை பேசுமுன்பே செய்யுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வழுக்கல் சோதனை தவிர்ந்தவற்றை ஒருமுறை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பின் எல்லாவற்றையும் இன்னொருமுறை. வழுக்கல் தெரிந்தால் அந்தக் காரை ஒதுக்க வேண்டுமென்பதில்லை. கூலி, செட், பிளைவீல், சீல்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு மதிப்பீடு எடுத்து, பிளைவீல் மாற்ற வேண்டிவரும் என்றே வைத்து, அந்த முழுத் தொகையையும் விலையில் கழிக்கக் கேளுங்கள். உரிமையாளர் கழிக்க மறுத்தால், திருத்திய பின்னர் வந்து எடுப்பதாகச் சொல்லி, பற்றுச்சீட்டையும் கழற்றிய பழைய பிளேட்டையும் காட்டும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.